வழி விட்டவர்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், தன் வீட்டு வாசல் தூணில் தானே கொண்டுபோய் இடித்தார். இடித்ததுகூடப் பரவாயில்லை. எதிர்வீட்டு மாடியில், போன மாதம்தான் அவரிடம் கற்று முடித்திருந்த வங்கி மேலாளர், செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் தொட்டியை விட்டு வெளியே கொட்டியது.

மாஸ்டர் என்று ஊரே கூப்பிடும் அவருடைய வாய்தான் காரணம். அந்த மலைச் சாலைக்கு இந்த வண்டி தாங்காது, ஒரு ஜீப்பைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று மனைவி வாசலிலிருந்து சொன்னாள். அதற்கு ஒரு பதில் அவருக்கு உதித்தது. நல்ல பதில். சொல்வதற்காகத் தலையைத் திருப்பினார். கால் தன் வேலையை வேறு விதமாகப் புரிந்துகொண்டது. பேசும்போது கண் ரோட்டில் இருக்கட்டும் என்று இருபது வருடமாக மற்றவர்களைத் திட்டி வந்த மனிதர், தூணைக் கட்டிக்கொண்டு நின்ற வண்டிக்குள் உட்கார்ந்து, அந்தப் பதிலை அப்படியே விழுங்கினார்.

பம்பர் டயரில் உரசியது. ஒரு விளக்கு மாறுகண் போட்டது. எல்லாவற்றையும்விட ஹாரன்தான் கெட்டுப்போனது. ஒரு தடவை அழுத்தினால் சளி பிடித்த வாத்து மாதிரி இரண்டு தடவை இருமியது. மெக்கானிக் பம்பரை நிமிர்த்துவதற்குள் மதியம் போய்விட்டது. ஹாரனைப் பார்க்க வேண்டுமானால் நாளைக்கு வாருங்கள் என்று கையை விரித்துவிட்டான்.

நாளைக்கு எப்படி? மகள் மேலே காத்திருக்கிறாள். தோழிகளோடு இரண்டு நாள் மலை நடை போனவள். நடைபாதை தொடங்கும் இடத்தில் நான்கு மணிக்கு வந்து நிற்கிறேன் என்று அவர்தான் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி, தோழிகள் வந்த ஜீப்பில் இடம் இருந்தும், ‘எங்கப்பா வந்துடுவார்’ என்று அவர்களை அனுப்பிவிட்டாள். இப்போது அங்கே அவளும் அவளுடைய பையும் மட்டும். இருட்டுவதற்குள் போக வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

மலை அடிவாரத்தில் ஒரு சங்கிலி, ஒரு கூண்டு, கூண்டுக்குள் பிஸ்கட் தின்னும் காவலாளி. தார் அங்கேயே முடிந்தது. அதற்கு மேல் சரளைதான். ஒரு வண்டி போகிற அகலம். காவலாளி யாரையும் நிமிர்ந்து பார்க்காமலே ஒப்பிப்பதுபோலச் சொன்னார்.

“ஒவ்வொரு வளைவுலயும் ஹாரன் அடிங்க. நீளமா ஒண்ணு அடிச்சா ஏறுறேன்னு அர்த்தம். ரெண்டு அடிச்சா இறங்குறேன்னு அர்த்தம். இறங்குறவங்கதான் ஒதுங்கி வழி விடணும். ஏறுற வண்டி நின்னா அப்புறம் இந்தச் சரளைல டயர் சும்மா சுத்தும்.”

மாஸ்டர் ஒருமுறை அழுத்திக் காட்டினார். வாத்து இரண்டு தடவை இருமியது.

“இறங்குறேன்னு சொல்லுதே.”

“பொய் சொல்லுதுங்க. நான் ஏறத்தான் போறேன்.”

காவலாளி சிரிக்கவில்லை. பிஸ்கட் முக்கியமாக இருந்தது. மேலே வண்டி ஏதும் உண்டா என்று மாஸ்டர் கேட்டதற்கு, எல்லாம் இறங்கியாயிற்று, நீங்கள்தான் கடைசி, இறங்கி வந்து ஹாரன் அடித்தால் திறக்கிறேன் என்றார். வண்டி உள்ளே போனதும் பின்னால் சங்கிலி இழுபடும் சத்தமும் பூட்டு விழும் சத்தமும் கேட்டன. தெரிந்த சத்தம்தான். ஆனாலும் பின்கழுத்தில் யாரோ ஊதிய மாதிரி இருந்தது.

முதல் மைலிலேயே மனைவி சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. துணி துவைக்கும் கல்லைப்போல வரிவரியாக அரித்துப்போயிருந்தது சாலை. சக்கரங்கள் ஒவ்வொரு வரியிலும் ஏறி இறங்க, கதவும் கண்ணாடியும் அவருடைய கீழ்த்தாடையும் ஒரே தாளத்தில் நடுங்கின. அடியில் கல் தெறித்துத் தடதடவென்று அடித்தது. ஒரு பக்கம் பாறை, ஈரம் கசிந்து கறுத்த பாறை, கையை நீட்டினால் தொடலாம். மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்திலிருந்து பனிமூட்டம் எழுந்து, மெதுவாக, அவசரமே இல்லாமல், சாலைக்குள் வந்து உட்கார்ந்தது. மனைவி கண்ணாடியில் தொங்கவிட்டிருந்த எலுமிச்சை வாசனை அட்டை ஆடிக்கொண்டே இருந்தது. வண்டிக்குள் அந்த வாசனையும் சூடேறிய கிளட்சின் வாசனையும் கலந்து, பள்ளிக்கூட ஆய்வகம்போல மணத்தது.

திருப்பலாமா என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தார். வண்டியின் நீளத்தைவிடச் சாலையின் அகலம் குறைவு. ஏறலாம். ஏறிக்கொண்டே இருக்கலாம். அந்தச் சாலை கொடுத்த ஒரே சலுகை அது.

வளைவு வந்தது. மாஸ்டர் ஆளே இல்லாத தெருவிலும் இண்டிகேட்டர் போடுகிற ரகம். ஹாரனை அழுத்தினார். இருமல், இருமல். பதில் இல்லை. ‘மேல யாரும் இல்லன்னு சொன்னாங்கல்ல, யாருக்குக் கச்சேரி’ என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அடுத்த வளைவிலும் அழுத்தினார்.

கீழிருந்து பதில் வந்தது.

நீளமாக ஒன்று. உருண்டையான, சுத்தமான, ஆரோக்கியமான ஹாரன். பனிக்குள்ளிருந்து எழுந்து, பாறையைத் தடவிக்கொண்டு, அவரைக் கடந்து மேலே போயிற்று.

பிரேக்கில் கால் வைத்துவிட்டு உடனே எடுத்தார். நின்றால் போச்சு. யாரோ பின்னால் ஏறுகிறார்கள். காவலாளி இன்னொரு வண்டியை விட்டிருப்பார். ஆனால் பூட்டு விழுந்ததே. சரி, மறுபடி திறந்திருப்பார், திறக்கத்தானே பூட்டு. இப்படித் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது வளைவு வந்தது. கை பழக்கத்தில் அழுத்தியது. இருமல், இருமல். கீழிருந்து நீளமாக ஒன்று. இப்போது பக்கத்தில்.

அப்போதுதான் உறைத்தது. பின்னால் வருகிறவனுக்கு என்ன தெரியும்? மேலே ஒரு வண்டி இறங்கிக்கொண்டிருக்கிறது, அது ஒதுங்கி நிற்கும் என்றுதான் தெரியும். அந்த நம்பிக்கையில் நிற்காமல் வருவான். இந்தப் பனியில், நத்தைபோல ஏறும் இவருடைய முதுகில் கொண்டுவந்து ஏற்றுவான். பாறையில் குடைந்த ஒதுங்குமிடம் ஒன்று விளக்கொளியில் தெரிந்தது. வழி விடுகிறவன்தான் டிரைவர் என்று வகுப்பின் முதல் நாளே சொல்லிக்கொடுப்பவர் அவர். யோசிக்கவே இல்லை. ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. ஒதுங்கினார். நின்றார்.

முதலில் வெளிச்சம் வந்தது. இரண்டு விளக்கும் நேராக, கண்ணியமாக. பிறகு சரளை நொறுங்கும் சத்தம், வறுத்த கடலையை மெல்வதுபோல, மெதுவாக. பிறகு வாசனை. மூடியிருந்த கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தது. கிளட்ச் வாசனை இல்லை. எலுமிச்சை. தன் கண்ணாடியில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். அது ஆடாமல் இருந்தது. வாசனை வெளியிலிருந்துதான் வந்தது.

வண்டி கடந்தது. அவருடைய வண்டியின் அதே நிறம். கூரையில் முக்கோணப் பலகை. அதில் ‘பயிற்சி’ என்ற எழுத்துகள், கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் நெருக்கி எழுதப்பட்டவை. அந்த நெருக்கலை அவருக்குத் தெரியும். பெயின்டர் கூலியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அவரே எழுதிய எழுத்து. பம்பர் பளபளவென்று இருந்தது. எதிலும் இடிக்காத பம்பர்.

ஓட்டியவரின் முகம் தெரியவில்லை. கைகள் தெரிந்தன. ஸ்டியரிங்கில் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தன. கடக்கும்போது வலது கையின் இரண்டு விரல்கள் மட்டும் உயர்ந்து தாழ்ந்தன. வழி விட்டவருக்கு அப்படித்தான் நன்றி சொல்ல வேண்டும் என்று அவர் எல்லோருக்கும் சொல்லித் தருவார். சான்றிதழ் வாங்கிய மறுநாளே எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

சிவப்பு விளக்குகள் வளைவில் மறைந்தன. மேலே நீளமாக ஒரு ஹாரன். அந்தச் சத்தத்தை எங்கே கேட்டோம் என்று இவ்வளவு நேரம் புரியாமல் இருந்தது. இப்போது புரிந்தது. இன்று காலைவரை அது அவருடைய ஹாரன்.

சிரிக்கப் பார்த்தார். தனியாக இருக்கும்போதும் சிரித்துவிடுகிற மனிதர். வரவில்லை.

ஃபோன் அடித்தது. மகள்.

“அப்பா, லைட் தெரியுது. அப்பாடா. பேட்டரி கொஞ்சம்தான் இருக்கு, வச்சிடறேன்.”

“அது நான் இல்லம்மா” என்று அவர் சொல்வதற்குள் அவள் வைத்துவிட்டிருந்தாள். திரும்ப அழைத்தார். சிக்னல் இல்லை. எப்படி அதற்குள் அது மேலே போயிருக்க முடியும்? பாதி மலை இன்னும் மிச்சம் இருக்கிறதே.

கியரைப் போட்டார். டயர் சும்மா சுற்றியது.

காவலாளி சொன்னபடியே சுற்றியது. அழுத்த அழுத்தச் சரளையை வாரிப் பின்னால் இறைத்து, தனக்கான குழியைத் தானே தோண்டிக்கொண்டது. இறங்கினார். தட்டைக் கல்லாகத் தேடித் தேடிச் சக்கரத்துக்கு அடியில் சொருகினார். விரல் நசுங்கியது. பனி சட்டைக்குள் புகுந்தது. மேலே, ஒவ்வொரு வளைவாக, அந்த நீள ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது. முறை தவறாமல். அவசரம் இல்லாமல். நல்ல மாணவன் மாதிரி. ஒவ்வொன்றும் முந்தையதைவிட மேலே. கடைசியில் ஒன்று கேட்டது. அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதிதான் அவரைக் கல்லை விட்டுவிட்டு வண்டிக்குள் பாய வைத்தது.

எப்படியோ பிடித்தது டயர். அதன் பிறகு வளைவில் ஹாரன் அடிக்கவில்லை. ஒதுங்கவில்லை. கல் அடித்தது. கதவு பாறையில் உரசியது. ஒரு இடத்தில் பின்சக்கரம் ஒரு கணம் எதன்மேலும் இல்லை. அவர் கவனிக்கவில்லை. ஃபோனை அழுத்திக்கொண்டே ஓட்டினார். அதற்கு மாணவர்களை வண்டியிலிருந்து இறக்கிவிடுகிற மனிதர். மணி போயிற்று. எடுக்கவில்லை. போயிற்று. எடுக்கவில்லை.

சாலை முடிந்தது.

வண்டிகள் திரும்பும் ஒரு வட்டம். வழித்தடப் படம் வரைந்த பலகை. ஒரு குப்பைத்தொட்டி. அமர ஒரு மரக்கட்டை. வண்டிகள் தாண்டாமல் இருக்க வரிசையாக உருட்டி வைத்த பாறாங்கற்கள். அதற்குப் பின்னால் சுவர்போல எழும் மலை. மகள் இல்லை. பை இல்லை. மாஸ்டர் விளக்கை அணைக்காமல் இறங்கினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குரல் பனியில் நனைந்து காலடியிலேயே விழுந்தது.

ஈரச் சரளையில் டயர் தடம் இருந்தது. வட்டத்துக்குள் வந்திருந்தது. மரக்கட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. பிறகு திரும்பவில்லை. நேராகப் பாறாங்கற்களை நோக்கிப் போயிருந்தது. கல் எதுவும் நகர்ந்திருக்கவில்லை. தடம் கல்லின் இந்தப் பக்கம் வரை இருந்தது. கல்லின் அந்தப் பக்கமும் இருந்தது.

வழியில் எந்த வண்டியும் அவரைக் கடந்து இறங்கவில்லை. வேறு சாலை கிடையாது.

கடைசியாக ஒருமுறை அழைத்தார். எடுத்தாள்.

“சொல்லுடி” என்றாள் மகள்.

ஒரு கணம் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தார். அவள்தான். வேறு நாளாக இருந்தால், பெற்ற அப்பனை டி போட்டாள் என்று ஒரு மாதம் வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பார்.

“அப்பா பேசறேன்மா. எங்க இருக்கே?”

“தெரியும்டி. அப்பாகூட வண்டில போயிட்டிருக்கேன்.”

“எந்த வண்டி? எங்கம்மா போறே?”

“நாளைக்குப் பேசலாமாடி? இங்க சரியா கேக்கல.”

குரல் சாதாரணமாக இருந்தது. மிகவும் சாதாரணமாக. பரீட்சையில் கோட்டைவிட்ட நாளில் வீட்டுக்கு வந்து சோறு கேட்பாளே, அந்தக் குரல். மாஸ்டர் மரக்கட்டையில் உட்கார்ந்தார். அது இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது.

குரலைத் தாழ்த்தினார். “கண்ணு, ஆமா இல்லன்னு மட்டும் சொல்லு. அது நான் இல்லன்னு உனக்குத் தெரியுமா?”

“ஆமாடி.”

“பார்க்க என்னை மாதிரியே இருக்கா?”

“அப்படியேதான்டி.” சிறிது நேரம் சரளைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, தோழியிடம் ஊர்வம்பு சொல்வதுபோலச் சொன்னாள். “அப்பா இன்னிக்கு ரொம்ப நல்லா ஓட்டறார்டி. வந்ததுலேர்ந்து ஒரு ஜோக்கூட அடிக்கல.”

அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். வாழ்நாளெல்லாம் அந்த ஜோக்குகளுக்கு அவள் கண்ணை உருட்டியிருக்கிறாள். ஒன்றையாவது, சும்மா ஒரு தடவையாவது, ரசித்தாளா என்று அவருக்குத் தெரிந்ததே இல்லை.

“உன் காலுக்குக் கீழ பிரேக் இருக்குல்ல. நான் பாடம் நடத்தறப்ப அழுத்துவேனே, அது. மெதுவா அழுத்து. நின்னதும் குதிச்சிடு.”

“பார்த்துட்டேன்டி. அடிவரைக்கும் போகுது. ஒண்ணும் ஆகல.”

“கதவு?”

“ம்ஹூம்.”

“ஜன்னல்?”

“இல்லடி.”

“எங்க போகுது வண்டி? கீழயா? சங்கிலிகிட்ட வந்ததும் கத்து. அந்தக் காவலாளி இருப்பார். சொல்லும்மா. கீழதான போகுது?”

அவள் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சுக்குப் பின்னால் இன்னொரு குரல் எழுந்தது. மாஸ்டருக்கு அது உடனே பிடிபடவில்லை. தன் குரலை வெளியிலிருந்து கேட்டுப் பழக்கம் கிடையாது. பொறுமையான குரல். முதல் நாள் நடுங்கும் மாணவர்களிடம் மட்டும் பேசுகிற குரல்.

“யாரும்மா ஃபோன்ல?”

“ஃப்ரெண்ட்ப்பா.”

“எங்க இருக்கோம்னு கேக்கறாரா?”

ஃபோன் அவள் துணியில் உரசும் சத்தம் கேட்டது.

“சொல்லிடும்மா” என்றது அந்தக் குரல், அன்பாக. “பாவம். நமக்கு வழி விட்டவர்.”

சரளைச் சத்தம் நின்றிருந்தது என்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். ஃபோனில் காற்று மட்டும் வீசியது. உயரத்தில் வீசும் காற்று.

“அப்பா” என்றாள் மகள். அவரைத்தான் கூப்பிட்டாள். நடிப்பெல்லாம் விட்டுப்போயிருந்தது. ஐந்து வயதில் இருட்டில் கூப்பிட்ட குரல்.

“சொல்லும்மா. இங்கதான் இருக்கேன்.”

“நாங்க இறங்கலப்பா. ஏறிட்டே இருக்கோம். இங்க ரோடு இல்ல.”

மாஸ்டர் தலையை உயர்த்தினார்.

பாறாங்கற்களுக்குப் பின்னால், மலைச் சுவரில் பனி கொஞ்சம் விலகியிருந்தது. செங்குத்தான பாறை. ஒரு புல்கூட ஒட்டாத பாறை. அதன் மேல், மிக உயரத்தில், இரண்டு சிவப்பு விளக்குகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு வளைவு இருக்கிற மாதிரி இடப்பக்கம் திரும்பின. இன்னொரு வளைவு இருக்கிற மாதிரி வலப்பக்கம் திரும்பின. அவசரம் இல்லாமல். இண்டிகேட்டர் போட்டு. அந்தச் சிவப்புகளுக்கு நடுவே, பின்கண்ணாடியில், வெள்ளையாக ஒரு சின்ன வெளிச்சம். ஃபோனின் வெளிச்சம். அதை யாரோ கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்திருந்தார்கள். வெளிச்சத்துக்குப் பக்கத்தில் விரிந்த ஒரு கை.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி அடுத்த வளைவுக்குத் திரும்பியது.